தோற்கப் பழகும் ஜெனரல்கள்!

முதலில் ஒரு கேள்வி. உங்கள் மேனேஜரோடு கேரம் விளையாடியிருக்கிறீர்களா? விளையாடியிருந்தால், கடைசியாக எப்போது ஜெயித்தீர்கள்?

விடை எனக்குத் தெரியும். ஆபீஸ் ஆண்டு விழாவில் மேனேஜர் ஸ்ட்ரைக்கரைத் தொட்டதுமே நம் விரல்களில் ஒரு தளர்ச்சி வந்துவிடும். சிவப்புக் காய் பாக்கெட் வாசலிலேயே உட்கார்ந்திருக்கும். நம் கண்ணுக்கு மட்டும் தெரியாது. 'சார், என்னமா அடிக்கிறீங்க!' என்று வாய் மட்டும் வேலை செய்யும். பின்னே? இன்க்ரிமென்ட் மாதம் நெருங்குகிறதே!

கேரம் போர்டில் இப்படி விட்டுக்கொடுப்பதால் யாருக்கும் நஷ்டமில்லை. ஆனால் எதிரே உட்கார்ந்திருப்பவர் மேனேஜர் இல்லை, பதினைந்தாயிரம் ஜவான்களுக்குத் தலைவரான ஒரு ஜெனரல் என்று வைத்துக்கொள்ளுங்கள். போர்டுக்குப் பதிலாக எல்லைப்புற வரைபடம். அங்கேயும் 'சார், என்னமா அடிக்கிறீங்க' என்று ஒருவர் சொன்னால்...?

இந்தக் கவலையை எனக்குள் கிளப்பிவிட்டவர் சுபேதார் அண்ணாச்சி.

சங்கரன்கோவிலில் எங்கள் தெருமுனை டீக்கடைக்குக் காலை ஆறு மணிக்கு வந்தால் அவரைப் பார்க்கலாம். ராணுவத்தில் சிக்னல்ஸ் பிரிவில் இருந்து ரிட்டயரானவர். டீ கிளாஸைக் கையில் எடுக்கும்போதுகூட முதுகு வளையாது. பக்கத்துத் தெரு விசைத்தறிகள் 'சடக் சடக்'கென்று ஓடிக்கொண்டிருக்க, அந்தச் சத்தத்துக்கு மேலே அண்ணாச்சியின் குரல் கணீரென்று கேட்கும்.

ஒருநாள் சும்மா இருக்க முடியாமல் கேட்டேன்: "ஏன் அண்ணாச்சி, ஜவானை ஓடச் சொல்லி, சுடச் சொல்லி டிரெய்னிங் குடுக்காங்க. ஜெனரலுக்கு என்ன டிரெய்னிங்? அவரையும் ஓடச் சொல்லுவாங்களா?"

"ஏல, அவருக்குத்தாம்ல பெரிய டிரெய்னிங்கே! ஜவான் தப்புப் பண்ணுனா ஒரு உசுரு போவும். ஜெனரலு தப்புப் பண்ணுனா? அதான் பொய்ச் சண்டை போட்டுப் பழகுதாங்க. நான் எத்தனை பொய்ச் சண்டையில ராத்திரி முழிச்சிருக்கேன் தெரியுமா!"

பி.காம். படித்தவனுக்கு ராணுவத்தைப் பற்றி என்ன தெரியும்? மார்ச் என்றால் எனக்கு 'மார்ச் பாஸ்ட்' ஞாபகம் வராது, 'இயர் எண்டிங்'தான் ஞாபகம் வரும். ஆனாலும் அண்ணாச்சி கிளப்பிவிட்ட ஆர்வம் விடவில்லை. தோண்டத் தோண்ட வந்தது சுவாரஸ்யமான சரக்கு.

ராஜா வீட்டு மேஜை

இந்தப் பொய்ச் சண்டை முறையாக ஆரம்பித்து இருநூறு வருஷத்துக்கு மேல் ஆகிறது. பிறந்த இடம், ஐரோப்பாவில் அன்றைய பிரஷ்ய ராஜ்ஜியம். 1812ல் ரைஸ்விட்ஸ் என்ற பிரபு, தன் மன்னருக்கு ஒரு விசித்திர மேஜையைப் பரிசாகக் கொடுத்தார். ஆறு, மலை, ரோடு, கிராமம் எல்லாம் தனித்தனிக் கட்டைகளாக இருக்கும். மாற்றி மாற்றி அடுக்கி விதவிதமான போர்க்களம் செய்துகொள்ளலாம்.

அந்தப் பிரபுவின் மகன் பீரங்கிப் படையில் ஒரு லெப்டினென்ட். 'மேஜை வேண்டாம், நிஜ வரைபடமே போதும்' என்று 1824ல் புதிய விதிகளை எழுதினார். சதுரங்கத்தில் எதிராளியின் அத்தனை காயும் நம் கண் முன்னால் இருக்கும். நிஜப் போரில் அப்படியா? மலைக்கு அந்தப் பக்கம் பத்துப் பேர் இருக்கிறார்களா, பத்தாயிரம் பேரா, யாருக்குத் தெரியும்? ஆகவே இந்த ஆட்டத்தில் இரு தரப்பும் உத்தரவுகளை எழுதி நடுவரிடம் கொடுக்க வேண்டும். நடுவர் பகடை உருட்டி, கணக்குப் பார்த்து, யாருக்கு எது தெரிய நியாயம் உண்டோ அதை மட்டும் சொல்வார்.

பிரஷ்யத் தலைமைத் தளபதி மியூஃப்ளிங் முதலில் வேண்டாவெறுப்பாகத்தான் வந்து உட்கார்ந்தாராம். ஆட்டம் சூடுபிடித்ததும் ஆள் மாறிவிட்டார். இது விளையாட்டே இல்லை, போருக்கான பள்ளிக்கூடம் என்று புகழ்ந்து, படைகளில் இதைப் பரப்ப ஏற்பாடு செய்தார். பிரஷ்ய வீரர்களின் உடை நீலம். ஆகவே நம் தரப்புக்கு நீலம், எதிரிக்குச் சிவப்பு. இன்றைக்கும் பல நாட்டு ராணுவங்களில் பொய்ச் சண்டை என்றால் நீலத்துக்கும் சிவப்புக்கும்தான்!

ஆந்தை ஆசீர்வாதம்

சரி, நம் நாட்டில்? நீலகிரிக்கு பஸ் ஏறுங்கள்.

நம் பக்கத்துப் பையன்களுக்கு வெலிங்டன் என்றால் மதராஸ் ரெஜிமெண்டின் மையம்தான். செலக்‌ஷன் ஆகி, தகரப் பெட்டியோடு போய், பரேடு கிரவுண்டில் வியர்வை சிந்துகிற இடம். அதே வெலிங்டனில் இன்னொரு இடமும் இருக்கிறது. அங்கே வியர்வை நெற்றியில் மட்டும்தான் வரும். பெயர், டிஃபென்ஸ் சர்வீசஸ் ஸ்டாஃப் காலேஜ்.

1905ல் மராட்டியத்து தேவ்லாலியில் ஆரம்பித்து, 1907ல் குவெட்டாவுக்குப் போன கல்லூரி இது. 1947 பிரிவினையில் குவெட்டா பாகிஸ்தானுக்குப் போய்விட, நமக்கென்று வெலிங்டனில் தொடங்கினார்கள். அதாவது, எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போர்த் திட்டம் போடுபவர்கள் ஒரே பள்ளிக்கூடத்தின் இரண்டு கிளைகளில் படித்தவர்கள்! 2021 டிசம்பர் 8ஆம் தேதி, குன்னூர் அருகே ஹெலிகாப்டர் விழுந்து முப்படைத் தலைமைத் தளபதி பிபின் ராவத் இறந்தது ஞாபகமிருக்கிறதா? அன்று அவர் சொற்பொழிவாற்றக் கிளம்பியது இந்தக் கல்லூரிக்குத்தான்.

மாணவர்கள் யார்? பெரும்பாலும் மேஜர்களும், கப்பற்படை, விமானப்படையில் அதே அந்தஸ்தில் இருப்பவர்களும். வெளிநாட்டு அதிகாரிகளும் உண்டு. படிப்பு பத்து மாதத்துக்கு மேல். கல்லூரிச் சின்னத்தில் ஓர் ஆந்தை. நம் ஊரில் ஆந்தை அலறினால் அபசகுனம்; அங்கே அது அறிவின் அடையாளம். 'யுத்தம் பிரக்ஞயா' என்பது கல்லூரியின் வாசகம். அறிவைக் கொண்டு போர் செய் என்று அர்த்தம்.

வகுப்பறையில் மணலைக் கொட்டி மலை, ஆறு, ரோடு எல்லாம் செய்து வைத்து, சுற்றி நின்றுகொண்டு, 'இப்போது எதிரி இந்தக் கணவாய் வழியாக வருகிறான். உன் உத்தரவு என்ன?' என்று கேட்பார்கள். பதில் சொன்னால் போதாது. ஏன், எப்படி, எத்தனை மணிக்குள், எத்தனை லாரியில் என்று குடைவார்கள். இதைத் தாண்டி கர்னல் ஆனால், அம்பேத்கர் பிறந்த ஊரான மாவ் நகரில் ராணுவப் போர்க் கல்லூரி. டெல்லியில் போர் விளையாட்டுகளுக்கென்றே ராணுவத்தின் தனி மையம். மணலோடு இப்போது கம்ப்யூட்டரும் சேர்ந்துகொண்டது. டி.ஆர்.டி.ஓ. விஞ்ஞானிகள் ராணுவத்துக்குச் செய்து கொடுத்த ஒரு கம்ப்யூட்டர் போர் விளையாட்டின் பெயர் என்ன தெரியுமா? 'சத்ரஞ்ச்'. சதுரங்கமேதான்!

ஆறு பேர், ஒரு பிரிகேடு

இனி அண்ணாச்சியின் கூடாரத்துக்கு வருவோம்.

மேல்மட்டப் பயிற்சியில் துப்பாக்கி வெடிக்காது. டாங்கி நகராது. ஜெனரலும் அவருடைய தலைமையக அதிகாரிகளும் மட்டும், நிஜப் போரில் எப்படி உட்காருவார்களோ அப்படியே, கூடாரத்தில் மேப், டெலிபோன், வயர்லெஸ்ஸோடு உட்கார்ந்திருப்பார்கள். அவருக்குக் கீழே இருக்கவேண்டிய படைகள்? அவர்களைப் போல நடிக்க வேறொரு கூடாரத்தில் சில பேர். அந்தக் கூடாரத்துக்குப் பெயர் 'கன்ட்ரோல்'.

"நாங்க ஆறு பேருதாம்ல ஒரு பிரிகேடு! மூவாயிரம் பேரு இருக்கிற மாதிரி வயர்லெஸ்ல பேசணும். ஒவ்வொரு கவர் மேலயும் ஒரு நேரம் போட்டிருக்கும். ராத்திரி ரெண்டு மணிக் கவரப் பிரிச்சா, 'பாலம் தகர்ந்தது'ன்னு இருக்கும். ஒடனே போனைப் போட்டு, பதறுன மாதிரி சொல்லணும். அங்கன ஜெனரலு கூடாரத்துல அப்பத்தான் கண்ணசந்திருப்பாங்க!"

அதுதான் சூட்சுமம். ஜெனரலின் வீரத்தை யாரும் அங்கே பரீட்சை பண்ணுவதில்லை. ராத்திரி இரண்டு மணிக்கு வந்த செய்தி, தூங்கி விழும் டூட்டி அதிகாரியிடமிருந்து மேப்புக்கு ஏறி, உளவுப் பிரிவுக்குப் போய், சப்ளை பிரிவுக்குப் போய், ஜெனரல் காதுக்கு எத்தனை நிமிஷத்தில் சேர்கிறது? அரைகுறைச் செய்தியை வைத்துக்கொண்டு அவர் முடிவெடுக்கிறாரா, 'முழு விவரம் வரட்டும்' என்று தள்ளிப்போடுகிறாரா? இதற்குத்தான் மார்க். நம் ஆபீஸ் மாதிரியே ஃபைல் நகரும் வேகம்தான் விஷயம்! இங்கே லேட்டானால் மெமோ வரும். அங்கே லேட்டானால் சாவுச் செய்தி வரும்.

காமர்ஸ்காரன் என்பதால் எனக்குப் பிடித்தது சப்ளை கணக்கு. பதினைந்தாயிரம் பேருக்கு வேளைக்கு நாலு சப்பாத்தி, இரண்டு வேளை. ஒரு நாளைக்கு ஒரு லட்சத்து இருபதாயிரம் சப்பாத்தி! தலைக்கு ஐந்து லிட்டர் தண்ணீர் என்றாலும் எழுபத்தைந்தாயிரம் லிட்டர். டீசல், குண்டு, மருந்து, காயம்பட்டவரைத் தூக்கிவர வண்டி... பாலம் தகர்ந்தால் டாங்கி மட்டும் நிற்காது, சப்பாத்தியும் நிற்கும். மேப்பில் அம்புக்குறி போடும் ஜெனரலின் காதில், 'சார், அம்பு போகிற இடத்துக்கு டீசல் போகாது' என்று சொல்ல ஓர் ஆள் வேண்டும். அந்த ஆளைத் தயார் செய்வதும் இந்தப் பயிற்சியில்தான்.

நிஜமாகவே ஓட்டினால் என்ன?

நிஜப் படைகளை வைத்தே ஒத்திகை பார்க்கலாமே என்று கேட்பீர்கள். பார்த்தார்கள். நம் செங்கல்பட்டில் பிறந்த ஜெனரல் சுந்தர்ஜி தலைமைத் தளபதியாக இருந்தபோது, 1986-87ல் 'பிராஸ்டாக்ஸ்' என்று ஒரு மகா ஒத்திகை. முதல் கட்டம் வரைபடத்தில், அடுத்தது மணல் மாதிரியில். கடைசிக் கட்டத்துக்கு ராஜஸ்தான் பாலைவனத்தில் லட்சத்துக்கும் மேற்பட்ட வீரர்கள், டாங்கிகள் என்று குவிந்தார்கள்.

விளைவு? பக்கத்து நாட்டுக்காரருக்குத் தூக்கம் போய்விட்டது. ஒத்திகைதானா, நிஜமாகவே வருகிறார்களா? பாகிஸ்தான் தன் படைகளை எல்லைக்கு நகர்த்த, நாமும் நகர்த்த, 1987 ஜனவரியில் நிஜப் போரே வந்துவிடும் போலாயிற்று. பேச்சுவார்த்தை நடந்து, பிப்ரவரியில் ஜியா உல் ஹக் ஜெய்ப்பூருக்கு கிரிக்கெட் பார்க்க வந்த பிறகுதான் சூடு தணிந்தது. கூடாரத்துக்குள் பொய்ச் சண்டை போட்டால் இந்த வம்பு குறைவு. டீசலும் மிச்சம்.

பகடையைத் திருத்தியவர்

ஆனால் கூடாரச் சண்டையில் வேறொரு ஆபத்து இருக்கிறது. நமக்கு நன்றாகப் பழக்கமான ஆபத்து. கேரம் போர்டு ஆபத்து!

1942 மே மாதம். ஜப்பானின் மாபெரும் போர்க்கப்பலான 'யமாட்டோ'வில், மிட்வே தீவைத் தாக்கும் திட்டத்துக்கு ஒத்திகை. தலைமை நடுவர் அட்மிரல் உகாகி. அமெரிக்க விமானங்கள் குண்டு போடுவதாக வைத்து, இளம் அதிகாரி ஒருவர் பகடை உருட்டினார். ஒன்பது குண்டுகள் பட்டன. அகாகி, காகா என்ற இரண்டு விமானந்தாங்கிக் கப்பல்களும் மூழ்கின என்று கணக்கு வந்தது. உகாகி குறுக்கிட்டார். 'ஒன்பது இல்லை, மூன்று' என்றார். அகாகி பிழைத்தது. மூழ்கிய காகாவும் அடுத்த ஆட்டத்தில் எழுந்து வந்துவிட்டது!

ஒரே மாதம். ஜூன் முதல் வாரத்தில் நிஜ மிட்வே சண்டை. அகாகி, காகா இரண்டும் மூழ்கின. கூடவே இன்னும் இரண்டு விமானந்தாங்கிகளும். ஜப்பானியத் தரப்பில் மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். கடல் அட்மிரல் சொன்னதைக் கேட்கவில்லை.

இதைப் படித்த அமெரிக்கா திருந்தியதா என்றால், 2002ல் அவர்களும் இதே கூத்தை நடத்தினார்கள். சுமார் 25 கோடி டாலர் செலவில் ஒரு மகா பயிற்சி. எதிரியாக நடித்தவர் ரிட்டயர்டு ஜெனரல் வான் ரைப்பர். ஒட்டுக் கேட்பார்கள் என்று வயர்லெஸ்ஸை மூட்டை கட்டிவிட்டு, மோட்டார் சைக்கிள் தூதர்களை வைத்தே உத்தரவுகளை அனுப்பி, சிறு படகுகளையும் ஏவுகணைகளையும் கொண்டு பதினாறு கப்பல்களை 'மூழ்கடித்தார்'. நடத்தியவர்கள் என்ன செய்தார்கள்? கப்பல்களை மிதக்கவிட்டு, 'இனி நீங்கள் இப்படி இப்படித்தான் ஆடவேண்டும்' என்றார்கள். மனுஷர் வெறுத்துப்போய் ஒதுங்கிவிட்டார்.

நம் வீட்டுக் கதை

அடுத்தவன் கதையில் சிரித்தாயிற்று. இனி நம் கதை. இதில் சிரிப்பு வராது.

1960 மார்ச் 17. லக்னோவில் கிழக்குப் பிராந்தியத் தளபதி லெப்டினென்ட் ஜெனரல் தோரட் ஒரு பயிற்சி நடத்தினார். பெயர் 'லால் கிலா'. சீனா வடகிழக்கு எல்லையில் தாக்கினால் என்ன ஆகும்? எவ்வளவு தூரம் வருவார்கள்? நம்மிடம் உள்ள படை எத்தனை நாள் தாங்கும்? பகடையைத் திருத்தாமல் கணக்குப் போட்டார். தாங்காது என்று விடை வந்தது. எல்லை ஓரத்தில் மெல்லிய காவல் போதும், பலமான அரண் பின்னால் இருக்கட்டும், அதிகப் படை வேண்டும் என்பது அவர் யோசனை. அதற்கு முந்தைய வருஷமே இந்த வாதத்தை எழுதி மேலே அனுப்பியிருந்தார். தலைமைத் தளபதி திம்மையாவும் ஆதரித்தார். பாதுகாப்பு மந்திரி கிருஷ்ண மேனன் ஏற்கவில்லை.

1962 அக்டோபர் 20. சீனா தாக்கியது. கிட்டத்தட்ட தோரட்டின் மேப்பில் இருந்த மாதிரியே எல்லாம் நடந்தது. ஒரு மாதத்தில் முடிந்த அந்தப் போரில் 1,383 பேர் இறந்தார்கள், 1,696 பேரைக் காணவில்லை என்பது அரசாங்கக் கணக்கு. தோரட் அதற்குள் ரிட்டயராகிவிட்டிருந்தார். பிறகு பிரதமர் நேரு அவரைக் கூப்பிட்டு, 'இது ஏன் என் பார்வைக்கு வரவில்லை?' என்று கேட்டதாக அவருடைய சுயசரிதை சொல்கிறது.

எனக்கு அந்தக் கேள்வி பழக்கமானது. முன்பு நான் கணக்கு எழுதிய ஓர் இடத்தில், 'அடுத்த வருஷம் விற்பனை இருபது சதவிகிதம் குறைந்தால் சம்பளம் எப்படிக் கொடுப்பது?' என்று ஒரு தாளில் போட்டுக் காட்டினேன். "விடிஞ்சும் விடியாமலும் அபசகுனமா பேசாதேயும்" என்றார் முதலாளி. தாள் டிராயருக்குள் போனது. அடுத்த வருஷம் நிஜமாகவே விற்பனை விழுந்தது. நாலு பேருக்கு வேலை போனது. அப்போது அவர் கேட்டார்: "இதை ஏன்வே முன்னாடியே சொல்லல?"

ஒத்திகையில் பொய் சொல்வது ஒரு தப்பு. ஒத்திகை சொன்ன உண்மையை டிராயரில் பூட்டுவது அதைவிடப் பெரிய தப்பு.

நாலு கேள்விகள்

இதற்கு மருந்து உண்டா? அமெரிக்காவில் 1987ல் ஃபோர்ட் லெவன்வொர்த்தில் ஒரு ஏற்பாடு செய்தார்கள். ஜெனரல்களுக்கும் அவர்களுடைய தலைமையகங்களுக்கும் கம்ப்யூட்டரில் பொய்ச் சண்டை. எதிரியாக ஆட, அதையே தொழிலாகக் கொண்ட ஒரு தனிக் குழு. பக்கத்திலிருந்து பார்த்துக் குறை சொல்ல ரிட்டயர்டு ஜெனரல்கள். அவர்களுக்கு பிரமோஷன் பயமும் இல்லை, டிரான்ஸ்ஃபர் பயமும் இல்லை! ஆட்டம் முடிந்ததும் எல்லோரையும் உட்காரவைத்து நாலு கேள்வி: என்ன நடக்க வேண்டும் என்று திட்டமிட்டோம்? உண்மையில் என்ன நடந்தது? ஏன்? அடுத்த தடவை என்ன செய்வோம்? 'யார் காரணம்?' என்ற கேள்வி லிஸ்டிலேயே இல்லை, கவனித்தீர்களா?

இதை அண்ணாச்சியிடம் சொன்னேன். டீயை ஆற்றியபடி யோசித்தார்.

"ரெண்டு ஜெனரலைச் சொல்லுதேன் கேளு. ஒருத்தரு, நாங்க பாலம் போச்சுன்னு சொன்ன செய்தி அவருக்கு நாப்பது நிமிஷம் லேட்டாப் போயி, டாங்கியெல்லாம் ஆத்தங்கரையில மாட்டிக்கிடுச்சு. தோத்துட்டாரு. கடைசியில அத்தனை பேரு முன்னாலயும் எந்திரிச்சு, 'செய்தி லேட்டா வந்தது என் ஏற்பாட்டுல உள்ள கோளாறு. தப்பு என்னுது'ன்னாரு. அடுத்த ராத்திரியே டூட்டி முறையை மாத்திட்டாரு. அதுக்கப்புறம் எந்தச் செய்தியும் அஞ்சு நிமிஷந்தான்."

"இன்னொருத்தர்?"

"அவரும் பாலத்துல மாட்டுனாரு. ஆனா மூஞ்சி செவந்து போச்சு. நடுவரு பாத்தாரு... எங்களுக்குப் போன் வந்துச்சு. 'பாலம் சரியாயிருச்சுன்னு சொல்லிரு'ன்னு. ஒரே போன்ல பாலம் கட்டிட்டோம்ல! அவரு ஜெயிச்சிட்டாரு. பெரிய கைதட்டு."

அண்ணாச்சி சிரிக்கவில்லை. அவர் பேரன் மதராஸ் ரெஜிமெண்டில் இருக்கிறான். இப்போது எல்லையில் எங்கோ பனிக்குள்ளே. வெள்ளிக்கிழமை தோறும் கோமதி அம்மன் சந்நிதியில் அண்ணாச்சியைப் பார்க்கலாம்; கண்ணை மூடி ரொம்ப நேரம் நிற்பார்.

"பேரனுக்கு ஒண்ணும் ஆயிரக்கூடாதுன்னு கும்பிடுதீங்களா அண்ணாச்சி?" என்றேன்.

"அத எல்லாரும்தான் கேப்பாங்க. நான் கேக்கிறது வேற." கிளாஸை பெஞ்சில் வைத்தார். "எம் பேரனோட ஜெனரலு மேப்புல நல்லாத் தோக்கணும், தாயேன்னு கேக்கேன்."